அழிக்கக் கூடாது, கோடு போடவும்

பாய்லர் அறை, சலவைக்கூடம்
ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். ஒன்பது நாளாக எழுதுகிறேன். முதல் கடிதத்தைப் பெண்டாட்டிக்கு எழுதுவார்கள். எனக்கு அவள் இல்லை. மகளுக்கு எழுதலாம். ஆனால் மகளுக்கு எழுதினால் அன்பாக எழுத வேண்டும், அதற்குச் சொல் கிடைப்பதில்லை. திட்டுவதற்குச் சொல் தானாக வந்து நிற்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நலம். நீங்கள் நலமா? கேட்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார், கேட்டுவிட்டேன். உண்மையில் அந்தக் கேள்விக்குறியைப் போடத்தான் கேட்டேன். கொக்கி மாதிரி இருக்கிறது. எனக்கு அதை ரொம்பப் பிடித்திருக்கிறது? இந்த இடத்தில் அது வரக் கூடாதாம். இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். வருகிற ஏப்ரலிலிருந்து பாய்லரை ஓட்டுகிறவன்தான் லாக் புக்கையும் எழுத வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. எழுதத் தெரியாதவனை மடிப்பு மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். முப்பத்தொரு வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றவன் தலையணை உறை மடிக்க வேண்டும். அதனால் ஏழு மாதம் முன்பு மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலையில் இருக்கும் பெரியவர்களுக்கென்று அரசாங்கம் நடத்தும் வகுப்பு. லிஃப்ட்காரர் ஒருவர், ஆஸ்பத்திரி சமையல்கட்டு அக்கா ஒருவர், பஸ் கழுவுகிறவர், நான். மொத்தம் ஒன்பது பேர். எங்கள் வயதைக் கூட்டினால் நானூற்று அறுபது வரும்.

வகுப்பு ஒரு கையேட்டின்படி நடந்தது. உள்ளே வந்ததும் எழுந்து நின்று மூன்று தடவை கைதட்ட வேண்டும். "என்னால் முடியும்!" என்று கத்த வேண்டும். பலூனை ஊதி, "உங்கள் பயத்தை இதற்குள் ஊதுங்கள்" என்பார்கள். முயலுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். கோட்டைத் தாண்டாமல் அடித்தால் சட்டையில் ஒரு காகித நட்சத்திரம் ஒட்டுவார்கள். லிஃப்ட்காரர் அதை எடுக்க மறந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அவருக்கு மூன்று பேரப்பிள்ளைகள். "தாத்தாவுக்கு மிட்டாய் கொடுத்தாங்களா?" என்று கேட்டார்களாம்.

நான்கு மாதம் கைதட்டினோம். ஓர் எழுத்து வரவில்லை. எந்த மடையன் இதை எழுதியிருப்பான் என்று ஒன்பது பேரும் தினமும் திட்டுவோம். நான்தான் அதிகம் திட்டினேன். பிறகு டீச்சர் அந்தக் கையேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் படிக்க வந்தது. வந்ததும் ஒரு நாள் அதே கையேட்டின் அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டினேன். "உற்சாகமே கல்வி." அதற்குக் கீழே எழுதியவர் பெயர். கூட்டிக் கூட்டி முடித்தபோது உங்கள் பெயர் வந்தது.

மாப்பிள்ளை, அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத இன்னும் பத்து வருடம் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் படியை நான் மிதித்து மூன்று வருடம் ஆகிறது. புது வீட்டுக்கு நீங்கள் குடிபோன அன்று வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தீர்கள், வந்தவர்கள் வாழ்த்து எழுத. யாரோ என்னிடம் பேனாவை நீட்டினார்கள். நீங்கள் சத்தமாக, "மாமாவுக்குப் பேனா எதுக்கு? மை டப்பா கொண்டாங்கப்பா!" என்றீர்கள். பிறகு நீங்களே பேனாவை வாங்கி என் சார்பில் ஒரு வரி எழுதினீர்கள். "என்ன மாப்பிள்ளை எழுதுனீங்க?" என்று கேட்டேன். "வாழ்த்துதான் மாமா" என்றீர்கள். அதைப் படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். வாழ்த்தைப் படித்தால் ஏன் சிரிப்பு வர வேண்டும் என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் அடித்தல்கள் இருக்கும். ரப்பர் வைத்து அழித்து எழுதுவதில்லை. காரணம் இருக்கிறது. கை வலிக்கிறது, அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

உங்கள் மாமனார்


வயதுவந்தோர் பயிற்சித் தலைமையகம்
ஜனவரி 20

மாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதினேழு அடித்தல்கள் இருந்தன. பயிற்சித் துறையில் இருப்பவன் என்பதால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. தங்கள் வயதில் இந்த முயற்சி பாராட்டத் தக்கது. தொடர்ந்து முயலுங்கள், தங்களால் முடியும்.

கையேட்டைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சமையல் சரியில்லை என்று சொல்ல யாராலும் முடியும், சமைப்பவனுக்குத்தான் அடுப்பின் சூடு தெரியும். வேலை செய்து களைத்து வரும் கற்போர் தாழ்வு மனப்பான்மையோடு வகுப்புக்குள் நுழைகிறார்கள். முதலில் அவர்களிடம் உற்சாகத்தை உண்டாக்க வேண்டும். உற்சாகம் வந்தால் ஈடுபாடு வரும், ஈடுபாடு வந்தால் எழுத்து வரும். இதைப் பதினொரு கருத்தரங்குகளில் விளக்கியிருக்கிறேன். எல்லா இடத்திலும் கைதட்டினார்கள்.

தங்களுக்கு எழுத்து வந்ததற்குக் காரணம் அந்த நான்கு மாதக் கைதட்டல்தான். விதை மண்ணுக்குள் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

தங்கள் டீச்சர் கையேட்டை மூடி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தகவலுக்கு நன்றி. அந்த மையத்துக்கு இம்மாத இறுதியில் ஓர் ஆய்வாளர் வருவார்.

வாசல் நோட்டு விஷயத்தைத் தாங்கள் இன்னும் மனத்தில் வைத்திருப்பது வருத்தம் தருகிறது. அது விளையாட்டு. படித்தவர்கள் வீட்டில் இப்படிப் பேசிக்கொள்வது சகஜம்.

தங்கள் மகள் நலம்.

மருமகன்


பாய்லர் அறை
பிப்ரவரி 2

மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் நான்கு நாளில் முடிந்துவிடும் போலிருக்கிறது. கை பழகுகிறது. காலையில் பர்னரைப் பற்றவைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறும் வரை எழுதுகிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் அது இந்த அறையின் முத்திரை.

அடுப்புச் சூட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். பாய்லர்காரனுக்கு. இதை வகுப்பில் படித்துக் காட்டினேன். சமையல்கட்டு அக்கா சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடிக்க வெளியே போனார். நீங்கள் சொன்ன ஈடுபாடு அன்றைக்கு நன்றாகவே வந்தது.

டீச்சர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பெரிய வித்தை இல்லை. ஒரு நாள் கைதட்டி முடித்ததும் எங்கள் முகங்களைப் பார்த்தார். கையேட்டை மூடினார். பிறகு, "நாளைக்கு ஆளுக்கு ஒரு தாள் கொண்டு வாங்க. உங்க வேலை இடத்துல தினமும் கண்ணுல பட்டு, படிக்கத் தெரியாம நீங்க முகத்தைத் திருப்பிக்கிற தாள். திருடிட்டு வந்தாலும் சரி, திருப்பி வெச்சிடலாம்" என்றார்.

லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தார். பதினொரு வருடம் அதற்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். மூன்று வாரத்தில் படித்துவிட்டார். "எட்டு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது." அவர் பன்னிரண்டு பேரை ஏற்றுகிறவர். அன்று வியர்த்த வியர்வை இருக்கிறதே! அக்கா ஒரு சாப்பாட்டுத் தட்டின் சீட்டைக் கொண்டு வந்தார். "இந்த நோயாளிக்கு உப்பு கூடாது." அந்தச் சீட்டைத் தட்டுக்கு அலங்காரம் என்று நினைத்திருந்தாராம். அன்று அவர் அழுதார். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார். பலூன் ஊதச் சொல்லவில்லை.

நான் லாக் புக்கைக் கொண்டு போனேன்.

அதன் முதல் பக்கத்தில் அச்சடித்த ஒரு விதி இருக்கிறது. நான் முதன்முதலாகப் படித்து முடித்த முழு வாக்கியம் அது. "தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இடவும்." டீச்சர் அன்றே பென்சிலையும் ரப்பரையும் எல்லாரிடமிருந்தும் வாங்கி வைத்துவிட்டார். "இது நல்ல விதி. நம்ம வகுப்புக்கும் இதுதான்" என்றார். என் அடித்தல்களுக்குக் காரணம் இதுதான். பதினேழு என்று எண்ணினீர்களே, பத்தொன்பது. இரண்டை விட்டுவிட்டீர்கள்.

இனி முக்கியமான விஷயம். இத்தனை வருடமும் எங்கள் லாக் புக்கை ஸ்டோர் கிளார்க் எழுதுகிறார். அவரை முத்தெழுத்து என்று கூப்பிடுவோம், அவ்வளவு அழகான கையெழுத்து. ஒவ்வொரு மணிக்கும் நான் முள் நிற்கும் இடத்தைச் சொல்வேன், அவர் எழுதுவார் என்று நம்பியிருந்தேன். இப்போது படிக்கிறேன். ஏழு, ஏழு, ஏழு, ஏழு. ஒரு வருடம் முழுக்க ஏழு. காலையில் வந்ததும் மாலை வரைக்கும் சேர்த்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். பாய்லர் நின்றுபோன நாளிலும் ஏழு. அணைந்த பாய்லரில் ஏழு கிலோ அழுத்தம்! என்ன கையெழுத்து, என்ன கையெழுத்து!

ஆறு மாதமாக எங்கள் சேஃப்டி வால்வு சரியில்லை. முள் எட்டைத் தொட்டால் அது திறந்து சீறி ஆவியை வெளியே விட வேண்டும். சீறுவதில்லை. பதினொரு மணிக்குத் துவைக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நிற்கும்போது ஆவிக்குப் போக இடம் இல்லை. நான் பர்னரைக் குறைத்த பிறகும் முள் ஒன்பது வரை போய்த்தான் திரும்புகிறது. தானாக அணைக்கும் சுவிட்ச் இந்தப் பழைய பாய்லருக்குக் கிடையாது. சுவிட்ச் நான்தான். மேனேஜரிடம் ஐந்து தடவை வாயால் சொன்னேன். "புக்குல ஏழுதானே இருக்கு?" என்றார்.

நேற்று பதினொரு மணிக்கு நான் பேனாவை எடுத்து, முத்தெழுத்தின் ஏழை ஒற்றைக் கோட்டால் அடித்து, ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் கையெழுத்து. கொஞ்சம் பெரியதாகிவிட்டது. பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

உங்கள் மாமனார்


தலைமையகம்
பிப்ரவரி 14

மாமா அவர்களுக்கு,

இதைத் தாங்கள் வேறு வழியில் அறிவதைவிட நானே தெரிவிப்பது நல்லது.

தங்கள் வகுப்பின் ஆய்வறிக்கை வந்தது. உற்சாக மதிப்பெண் ஐம்பதுக்குப் பதினொன்று. எந்த மையமும் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. டீச்சரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. அவர் தொடர்வது கடினம்.

இதே வாரத்தில் தங்கள் சலவைக்கூட நிர்வாகத்திடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பாய்லர் பதிவேட்டில் ஒரு தொழிலாளி தன்னிச்சையாகத் திருத்தம் செய்திருப்பதாகவும், அவர் எழுதியதை நம்பலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கையேட்டின் அளவுகோலின்படி, உற்சாக மதிப்பெண் இருபதுக்குக் கீழே இருக்கும் வகுப்பில் உள்ள எவரும் முதல் படியைத் தாண்டியவராகக் கருதப்பட மாட்டார். எனவே "முதல் படி. பதிவேடு எழுதத் தகுதி பெறவில்லை" என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

உறவென்று பார்த்து வேறு மாதிரி எழுதியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

மருமகன்


பாய்லர் அறை
பிப்ரவரி 19

மாப்பிள்ளைக்கு,

உறவென்று பார்க்க வேண்டாம். முள்ளைப் பார்த்திருக்கலாம்.

உங்கள் ஆய்வாளர் வந்த கதையைக் கேளுங்கள். அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கையில் ஒரு தாள். அதில் மூன்று கட்டங்கள். கைதட்டல், புன்னகை, உயர்த்திய கைகள். மூலையில் உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தோம். குனிந்த முகத்தில் புன்னகையை எப்படி எண்ணுவார் பாவம்.

"ஏன் யாரும் கைதட்டல?" என்றார்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு சார் தட்டணும்? கொசு இல்லையே" என்றார்.

அக்கா எழுந்து, "நான் வேணா இந்தச் சீட்டைப் படிச்சுக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டார்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார்.

படிப்பு வந்ததா என்று பார்க்க நீங்கள் தயாரித்த தாளில், படிப்புக்குக் கட்டம் இல்லை. இதற்குப் பதினொரு கருத்தரங்கு. முத்தெழுத்தையும் உங்களையும் ஒரே அறையில் உட்காரவைக்க ஆசையாக இருக்கிறது. அவர் முள்ளைப் பார்க்காமல் ஏழு போடுகிறார், நீங்கள் ஆளைப் பார்க்காமல் பதினொன்று போடுகிறீர்கள். அவருக்காவது கையெழுத்து அழகு.

நீங்கள் நிர்வாகத்துக்கு எழுதிய பதிலை மேனேஜர் எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். "குடுங்க, நானே படிச்சுக்கிறேன்" என்று வாங்கி, எனக்குப் படிக்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியிருந்ததை அவர் முன்னாலேயே படித்துக் காட்டினேன். ஒரு சொல் விடவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். லாக் புக்கை நான் தொடக் கூடாது. முத்தெழுத்து மறுபடி ஏழு எழுதுகிறார். புக்கில் ஏழு இருப்பதால் வால்வைக் கழற்றிப் பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

பாய்லருக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மடிப்பு மேசை. பதினான்கு பெண்கள் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். பற்றவைக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டால் வேறு ஒருவனை நிறுத்துவார்கள். அவனுக்கு முள்ளின் போக்குத் தெரியாது. அதனால் நான் இருக்கிறேன். சாப்பிடக்கூடப் போவதில்லை. இங்கேயே நின்றுகொண்டு சாப்பிடுகிறேன். ஏப்ரல் வந்தால் என்னை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே அனுப்பிவிடுவார்கள். பிறகு யார் முள்ளைப் பார்ப்பார்கள்?

உங்கள் பதிலைத் திரும்பப் பெறுங்கள். நம்பிக்கை இல்லை என்றால் வந்து பாருங்கள். வரும்போது பலூன் கொண்டு வாருங்கள். உங்கள் பயத்தை ஊதிக்கொள்ளலாம்.

மாமனார்


தலைமையகம்
மார்ச் 1

மாமா அவர்களுக்கு,

தங்கள் கடைசிக் கடிதத்தை என் மேசையிலிருந்து தங்கள் மகள் எடுத்துப் படித்துவிட்டாள். முந்தைய இரண்டையும் தேடி எடுத்துப் படித்தாள். மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு வைக்கிறாள். "உப்பு இருக்கிறது." அவ்வளவுதான்.

எட்டாம் தேதி காலை வருகிறேன். உறவுக்காக அல்ல. தாங்கள் கிளப்பியிருக்கும் புகார் ஆதாரமற்றது என்று நேரில் பார்த்துப் பதிவு செய்வதற்காக. கையேட்டின் புதிய பதிப்பு எல்லா மையங்களுக்கும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு முதியவரின் கோபத்தால் அதற்குக் களங்கம் வரக் கூடாது.

பலூன் கொண்டு வரும் உத்தேசம் இல்லை.

மருமகன்


பாய்லர் அறை
மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டையில் பட்ட கறை போகாது. மகளிடம் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம், கிழிந்துவிடும்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நீங்கள் அறிக்கையில் எழுதும்போது சில விஷயம் விட்டுப்போகலாம் அல்லவா.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. லாக் புக்கை முத்தெழுத்திடமிருந்து வாங்கி உங்களிடம் கொடுத்தேன். "நான் முதல் படி. நீங்க மேல் படி. நீங்களே பாத்து எழுதுங்க மாப்பிள்ளை" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேஜைப் பார்த்தீர்கள். நூற்று ஐந்து என்று எழுதினீர்கள். தயங்கவே இல்லை. பேனா என்ன வேகம்!

முத்தெழுத்து முதலில் சிரித்தார். அவருக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். கேஜில் இரண்டு வட்டம். வெளிவட்டம் பவுண்டு, உள்வட்டம் கிலோ. நம் புக்கில் கட்டம் கிலோவுக்கு. நீங்கள் எழுதியபடி நூற்று ஐந்து கிலோ இருந்திருந்தால் நானும் நீங்களும் முத்தெழுத்தும் தெருவும் எப்போதோ மேலே போயிருப்போம். உங்கள் கையேட்டுப் பலூன் போல.

நான் சிரிக்கவில்லை. கவனித்தீர்களா? மை டப்பா கேட்கவும் இல்லை. அவசரமாக நீங்கள் பையிலிருந்து ஒரு வெள்ளை மை பாட்டிலை எடுத்து அதன் மேல் பூசப் போனீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பூசக் கூடாது மாப்பிள்ளை. ஒத்தைக் கோடு. பக்கத்துல கையெழுத்து" என்றேன். போட்டீர்கள்.   அந்த நேரத்தில் இயந்திரங்கள் நின்றுவிட்டன.

முள் எட்டைத் தாண்டியது. வால்வு பேசவில்லை. "சத்தம் வரணும்னு சொன்னீங்களே?" என்று கேட்டீர்கள். "வரணும்" என்றேன். எட்டரை. பர்னரைக் குறைத்தேன். நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நீங்கள் கதவுக்குப் போகவில்லை, என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். அதையும் எழுதுகிறேன், நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும். ஒன்பது. பிறகு மெதுவாக இறங்கியது. பதினொரு மணிக் கட்டத்தில் ஒன்பது என்று உங்கள் கையாலேயே எழுதினீர்கள்.

ஆனால் முத்தெழுத்து உங்களைப் பற்றி மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். "அந்தாளுக்கும் கேஜ் பாக்கத் தெரியல." மேனேஜர் கையில் இன்னும் உங்கள் முதல் கடிதம்தான் இருக்கிறது, நான் தகுதி இல்லாதவன் என்று. அதை மாற்றாமல் நீங்கள் எழுதிய ஒன்பதுக்கும் மதிப்பு இல்லை.

மாற்றுங்கள். சீக்கிரம்.

மாமனார்


தலைமையகம்
மார்ச் 16

மாமா,

பயணத்தில் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த முள் தெரிகிறது.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். அந்தப் பழைய பதிலைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதே எண்ணும் அதே தேதியும் போட்டுப் புதிய பதில் ஒன்றை வைத்துவிடுகிறேன். தாங்கள் தகுதி பெற்றவர் என்று. யாருக்கும் தெரியாது. டீச்சரின் விஷயத்தையும் அமைதியாக முடித்துவிடலாம். கையேடும் பாதிக்கப்படாது.

எல்லாருக்கும் நல்லது இதுதான். தாங்கள் பெரியவர், புரிந்துகொள்வீர்கள்.

மருமகன்


பாய்லர் அறை
மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

புரிந்தது. வெள்ளை மை பாட்டிலை மறுபடி திறந்திருக்கிறீர்கள்.

பழைய பதில் மேனேஜரின் மேசையிலும் ஒன்று இருக்கிறது. அதே எண்ணில் இரண்டு பதில் இருந்தால் அவர் எதை நம்புவார்? தனக்கு வசதியானதை. யாருக்கும் தெரியாமல் செய்தால், நாளைக்கு இன்னொரு கிழவனைப் பற்றி அதே மூன்று கட்டத் தாளை வைத்து அதே பதிலை நீங்கள் எழுதுவீர்கள். அவனுக்கு மாப்பிள்ளை தலைமையகத்தில் இருக்க மாட்டான்.

எனக்குப் புதுத் தாள் வேண்டாம். அதே தாளில் ஒற்றைக் கோடு. அடியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பக்கத்தில் உங்கள் கையெழுத்து, தேதி.

இது முதல் படி மாப்பிள்ளை. எங்கள் வகுப்பில் எல்லாரும் தாண்டிவிட்டோம்.

மாமனார்

இந்தக் கடிதத்தை ஒரே நாளில் எழுதினேன். அடித்தல் ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பாருங்கள்.


வீட்டிலிருந்து
மார்ச் 29

மாமா,

மேலதிகாரியின் அறைக்குப் போய் அதே தாளில் கோடு போட்டேன். "தகுதி பெறவில்லை" என்பதன் மேல். கையெழுத்து, தேதி. காரணம் என்ற இடத்தில், "கற்பவரை நேரில் பார்க்காமல் எழுதியது" என்று எழுதினேன். சலவைக்கூடத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள். கையேட்டின் அச்சு நின்றுவிட்டது. டீச்சருக்கு அனுப்பிய கடிதத்தின் மேலும் கோடு போட்டாயிற்று. அடுத்த மாதம் அவரது வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து வரும்படி எனக்கு உத்தரவு. பின்வரிசையில்.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். நம் வீட்டு வாசல் நோட்டு. இருபத்து மூன்றாம் பக்கம்.

தங்கள் மகள் அந்தப் பக்கத்தை நேற்று என் முன்னால் திறந்து வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.  ஆனால் அந்த வரியில் நான் கோடு போட்டது அவளுக்காக அல்ல.

மருமகன்


பாய்லர் அறை
ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

உங்கள் நகல் வந்த அன்றே வால்வைக் கழற்றினார்கள். உள்ளே உப்புப் படிந்து கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார்கள். வந்த மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டுனீங்க?" என்று கேட்டான். "புக்குல ஏழு இருந்துச்சே" என்றேன். முத்தெழுத்து ஸ்டோருக்குள் போய்விட்டார். இப்போது எட்டில் சரியாகச் சீறுகிறது. முதல் தடவை சீறியபோது சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பேரும் அலறினார்கள். பிறகு சிரித்தார்கள். லாக் புக் என்னிடம் வந்துவிட்டது. ஒவ்வொரு மணிக்கும் எழுதுகிறேன். ஏழு, ஆறரை, ஏழு, ஏழே கால். எவ்வளவு அழகான எண்கள்!

பொட்டலம் வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். நீங்கள் கோடு போட்டிருந்தாலும் அடியில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. "மாமனாரும் அவருடைய கட்டைவிரலும் வருகை தந்தார்கள்."

சரி, நீங்கள் நினைத்த அளவு மோசமான நகைச்சுவை இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது. மூன்று வருடம் தாமதமாகச் சிரித்தேன், அவ்வளவுதான். மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்ததுதான் வலித்தது.

கோடு கோணலாக இருக்கிறது. ஸ்கேல் வைத்திருக்கலாம். கையெழுத்து பரவாயில்லை. தேதி சரி. உங்களுக்கு நட்சத்திரம் எதுவும் கிடையாது.

அந்த வரிக்குக் கீழே நீங்கள் இடம் விட்டிருக்கிறீர்கள். அதில் எதுவும் எழுதாமல் நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அங்கே எழுத வேண்டியதைத் தபாலில் எழுத முடியாது. பழைய இடத்திலேயே வாசலில் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மகளிடம் சொல்லுங்கள், உப்பு போடலாம்.

பேனா நான் கொண்டு வருவேன்.

உங்கள் மாமனார்